பிள்ளைகளுடன் நூதனசாலைக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை விடுமுறை ஒன்றில், எம் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கல்லடியிலிருந்து கொழும்புக்குச் சென்றோம். தேசிய நூதனசாலையை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டுமென்பது எமது நெடுநாளைய ஆசை. மூத்தவளுக்கு அப்போது 11 வயது; இளையவனுக்கு 7. இரவுப் புகையிரதத்திற் சரியான உறக்கமின்றிப் பயணஞ் செய்து, காலை உணவை அவசரமாக முடித்து, நூதனசாலை வாயிலை அடையும்போதே இளையவனின் கண்கள் செருகத் தொடங்கிவிட்டன. ஆயினும் நாம் விட்டோமில்லை. இத்துணைப் பணஞ் செலவழித்து வந்த பின், ஒன்றையும் தவறவிடாமற் பார்த்துவிட வேண்டுமென்னும் எண்ணம் எம்மைப் பின்னின்று தள்ளியது. அறை அறையாக ஏறி இறங்கினோம். சிலைகள், நாணயங்கள், வாள்கள், முகமூடிகள் என ஒவ்வொன்றின் முன்னும் நின்று, வகுப்பறையிற் பாடம் நடத்துவதுபோல விளக்கம் உரைத்தோம். மூன்று மணி நேரம் கழிந்தது. இறுதியில் இளையவன் நிலத்தில் அமர்ந்து அழுதான். மூத்தவள் எம்மைப் பாராது சாளரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் திரும்பியதும் அம்மம்மா பேரனை மடியில் இருத்தி, "என்ன மனே, கொழும்பிலே என்னவெல்லாம் கண்டாய்?" என்று ஆவலோடு வினவினார்.

"கண்ணாடிப் பெட்டி, அம்மம்மா. நிறையக் கண்ணாடிப் பெட்டி" என்றான் அவன்.

அவ்விடை எம்மைச் சுட்டது. பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுவதையே தொழிலாகக் கொண்ட நாம், எம் பிள்ளைக்குக் கண்ணாடியை மட்டுமே காட்டி வந்திருக்கின்றோம்! குற்றம் நூதனசாலையினதும் அன்று, பிள்ளையினதும் அன்று. முற்றிலும் எம்முடையதே. அன்று தொட்டு மெல்ல மெல்ல எம்மைத் திருத்திக்கொண்ட முறையினை, பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடுமென எண்ணி இங்கு எழுதுகின்றோம்.

பிழை எங்கே?

வளர்ந்தோர் ஒரு பழைய வாளைக் காணும்போது, தாம் படித்த போரையும் அரசனையும் அதனோடு சேர்த்தே காண்கின்றனர். சிறுவனோ வாளை மட்டுமே காண்கின்றான். அதுவும் கையெட்டாத தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால். அப்பொருளின் கதையை அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல், தானே ஒரு கேள்வியை மனத்திற் சுமந்து வந்திருத்தல் வேண்டும். இரண்டும் இல்லாதவிடத்து முதலாவது வாளும் பத்தாவது வாளும் அவனுக்கு ஒன்றே.

எமது முதற் பயணத்தில் மூன்று பிழைகள் இருந்தன. களைத்த பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். அளவுக்கு மிஞ்சிக் காட்டினோம். வீட்டில் யாதொரு ஆயத்தமும் செய்தோமில்லை. இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. அருகில் உள்ளதைக் காட்டாமல் தொலைவில் உள்ளதிலே தொடங்கினோம். எனவே, அடுத்த ஆண்டில் முறையை மாற்றிக்கொண்டோம். முதலில் அரைநாட் பயணம், பின்னர் ஒருநாட் பயணம், அதன் பின்னரே தலைநகர் என்று வகுத்தோம்.

வீட்டு வாசலிலே தொடக்கம்

கல்லடியில் வாழும் எமக்கு முதற் காட்சி வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளார் 1929ஆம் ஆண்டில் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும், அதன் அருகே அவரது சமாதியும் உள்ளன. அடிகளார் இயற்றிய இறைவணக்கப் பாடல் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. எம் பிள்ளைகள் அப்பாடலைப் பள்ளியில் எத்தனையோ முறை பாடியவர்கள். ஆயினும் அதனை எழுதியவர் துயிலும் இடத்தில் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்த அன்றே அது ஒரு மனிதர் எழுதிய பாடல் என்பது அவர்களுக்குப் புலனாயிற்று.

அவ்விடத்திலேதான் பிள்ளைகளிடம் யாழின் கதையைச் சொன்னோம். பழந்தமிழர் மீட்டிய பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பன வழக்கொழிந்து போயின. நூல்களில் அவற்றின் பெயர்களும் இலக்கணங்களும் எஞ்சினவேயன்றி, எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு கருவியும் எஞ்சவில்லை. அடிகளார் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, பல்லாண்டு ஆராய்ந்து, நரம்புகளின் இசையளவைக் கணிதத்தாற் கண்டு, 'யாழ் நூல்' என்னும் பெருநூலை இயற்றினார். 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம், யூலை 19ஆம் திகதி, அடிகளார் மறைந்தார்.

"ஒரு பழைய யாழை யாராவது பெட்டியிலே பூட்டி வைத்திருந்தால், சுவாமி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்தானே?" என்று மூத்தவள் கேட்டாள். நூதனசாலை எதற்கு என்பதை நாம் அவளுக்கு விளக்கவில்லை. அவளே எமக்கு விளக்கிவிட்டாள்.

அங்கிருந்து கல்லடிப் பாலம். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லேடி மனிங் இரும்புப் பாலமும், அதன் பக்கத்தே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் ஒரே வாவியைக் கடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே பார்த்தால், ஏறத்தாழ 90 ஆண்டுகளில் மனிதர் பாலங் கட்டும் முறை எங்ஙனம் மாறியதென்பதைச் சிறுவனும் கண்டுகொள்வான். எதனாற் கட்டினர், எத்தனை வண்டி செல்லக்கூடும், எதிலே நடப்பது இனிது என்று மூன்று கேள்விகளைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தாற் போதும். பாடும் மீன்களின் கதையையும் அங்கேயே சொல்லலாம். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, இரவில் வாவியில் தோணியிற் சென்று அவ்வொலியைக் கேட்டு, அதனைத் தமது நூலிற் குறித்து வைத்தார். எந்தப் பெட்டியிலும் அடைத்து வைக்க இயலாத அரும்பொருளும் உலகில் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிதல் நன்று.

பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குச் சென்றால் கோட்டை. 1602இல் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, கண்டியரசனைக் காணச் சென்றார். 1628இல் போர்த்துக்கீசர் இக்கோட்டையைக் கட்டினர். பத்து ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையிற் போர்த்துக்கீசர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுவே. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பின்னாளில் நீண்ட காலம் எமது மாவட்டக் கச்சேரி இதனுள்ளேயே இயங்கியது. பிறப்புப் பத்திரத்துக்கும் காணி அலுவலுக்கும் பெற்றோர் ஏறி இறங்கிய படிகள் நானூறு ஆண்டுப் பழைமை கொண்ட வரலாற்றுப் படிகள் என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவர்? வாவியை நோக்கிய பீரங்கியின் அருகே நின்று, "பகைவர் எந்தப் பக்கத்தால் வருவாரென்று இதனை வைத்தவன் எண்ணினான்?" என்று கேட்டோம். இளையவன் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தண்ணியாலேதான்" என்றான். அன்று அவன் அழவில்லை.

ஒருநாட் பயணம்

இரண்டாம் கட்டமாகப் பொலநறுவையைத் தெரிந்தோம். மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர். பஸ் வண்டியிலும் செல்லலாம். கொழும்பு செல்லும் புகையிரதப் பாதையிலும் செல்லலாம். புகையிரத நிலையம் கதுறுவெலையில் இருப்பதால், அங்கிருந்து பழைய நகருக்கு இன்னும் சில கிலோமீற்றர் உண்டு. புறப்படுமுன் வண்டி நேரங்களை விசாரித்து அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் நூதனசாலை, பிறகு இடிபாடுகள் என்ற வரிசையை மாற்றலாகாது. 1999இல் திறக்கப்பட்ட பொலநறுவை நூதனசாலையில், வட்டதாகே முதலிய கட்டடங்கள் தம் கூரையோடு எங்ஙனம் தோன்றியிருக்கும் என்பதைக் காட்டும் மாதிரி அமைப்புகள் உள்ளன. அவற்றைப் பார்த்த பிள்ளை, வெளியே வந்து வெறுந் தூண்களைக் காணும்போது, இல்லாத கூரையைத் தன் மனத்தால் வேய்ந்துகொள்கிறது. பார்க்காத பிள்ளைக்கு அவை வெயிலில் நிற்கும் கற்களே. அளாகன பிரிவேனையின் மருத்துவமனை இருந்த இடத்தை அகழ்ந்தபோது கிடைத்த சத்திரசிகிச்சைக் கருவிகளும் இங்கே வைக்கப்பட்டுள்ளன. கத்தரியையும் கத்தியையும் கண்ட இளையவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரும் மனிதருக்கு நோய் வந்தது, மருத்துவரும் இருந்தனர் என்பதை அவன் இனி மறவான்.

தமிழ்ப் பிள்ளைகள் அங்கே தவறாது காணவேண்டியது இரண்டாம் சிவாலயம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிற் சோழர் ஈழத்தை வென்று, பொலநறுவையைத் தலைநகராக்கி ஆண்டனர். 1070ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு அவர்களை அகற்றினான். அவ்விடைக் காலத்திற் கருங்கல்லாற் கட்டப்பட்ட இக்கோயில் அடி முதல் முடிவரை இன்றும் நிற்கின்றது. முதலாம் இராசேந்திரனின் தாயாகிய வானவன்மாதேவியின் பெயரால் இது வானவன்மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பிள்ளைகள் கையால் தடவாமல், சாய்ந்து விழும் காலை வெயிலில், கண்ணால் எழுத்துகளைத் தேடட்டும். ஒரு 'ட'வும் ஒரு 'ப'வும் அகப்பட்டாலே அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

ஒன்று சொல்ல மறந்தோம். பௌத்த வழிபாட்டிடங்களிற் காலணி களைதல் வேண்டும். நண்பகலில் மணலும் கல்லும் கொதிக்கும். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை ஒரு சோடி கொண்டு செல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் ஆகாது என்பதையும் முன்னரே சொல்லி வையுங்கள். பிறர் தெய்வத்தின் முன் எங்ஙனம் நிற்பது என்பதும் இத்தகைய பயணத்தாற் கற்கும் பாடமே.

மீண்டும் தலைநகரில்

இவையெல்லாம் முடிந்த பின்னரே மறுமுறை கொழும்புக்குச் சென்றோம். இம்முறை முதல்நாளே சென்று உறவினர் வீட்டிற் தங்கி, நன்றாக உறங்கி எழுந்தோம். தேசிய நூதனசாலை, ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால், 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்து வைக்கப்பட்டது. அதனைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன், வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடிவைக்குமாறு ஆளுநரை வேண்டிக்கொண்டார் என்று கூறுவர். இக்கதையை வாயிலிலேயே சொன்னோம். ஒரு கட்டடத்தைக் கட்டியவரும் நினைக்கப்படவேண்டியவரே அன்றோ?

மூன்றே பொருள்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம்.

முதலாவது, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்தது; 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனத்திற் புத்தரையும், தமிழிற் தேனாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளை அது கூறுகின்றது. பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த அக்கல், 1911இல் காலி நகரில், ஒரு வாய்க்காலை மூடும் பலகைக் கல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. இக்கதையை முதல்நாளிரவே பிள்ளைகள் அறிந்திருந்தனர். மண்டபத்துள் நுழைந்ததும் மற்ற எதனையும் பாராது கல்லைத் தேடி ஓடினர். எழுத்துகள் பெரிதும் தேய்ந்துள்ளன. இளையவன் முழங்காலில் நின்று நெடுநேரம் உற்றுப் பார்த்து, "அப்பா, இங்க பாருங்க, நம்மட எழுத்து!" என்று உரக்கக் கூவினான். காவலர் திரும்பிப் பார்த்தார், பின்னர் சிரித்துக்கொண்டார்.

இரண்டாவது, பொலநறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்கள். நடராசரையும் சுந்தரமூர்த்தி நாயனாரையும் அங்கே காணலாம். இவற்றின் சிறப்பை 1914இல் நூலெழுதி உலகுக்கு உணர்த்தியவர் ஆனந்த குமாரசுவாமி. நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இற் பிறந்தவர் அவர். இத்திருவுருவங்கள் எங்ஙனம் வார்க்கப்பட்டன என்பதை வீட்டிலேயே செய்து பார்த்திருந்தோம். முதலில் மெழுகால் உருவைச் செய்து, அதன்மேற் களிமண் பூசி, துளையிட்டுச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்துள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைப்பர். அச்சு உடைந்து போவதால் ஓருருவைப் போல் மற்றோருருவு இராது. மூத்தவள் மெழுகுதிரியால் ஒரு பறவை செய்தாள். அடுப்பு வேலையை நாம் பார்த்துக்கொண்டோம். உலோகத்துக்குப் பதிலாகச் சீமெந்துக் குழம்பு ஊற்றியதிற் பறவைக்கு ஒரு சிறகுதான் வந்தது. அப்பறவையைச் செய்த கை, நடராசரின் விரிசடையைக் கண்டபோது தன்னையறியாமற் குவிந்தது.

மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கியது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, 1934இல் திரும்பி வந்தது. ஒரு பொருள் ஏன் பறிக்கப்படுகின்றது, ஏன் திருப்பித் தரப்படுகின்றது என்ற கேள்வியோடு மூத்தவள் வெளியே வந்தாள். அக்கேள்விக்கு இன்னும் நாம் முழு விடை கூறவில்லை.

இம்மூன்றுக்கும் ஒரு மணி நேரமே பிடித்தது. பின்னர் மரநிழலில் அமர்ந்து, கட்டிச் சென்ற புளிச்சோற்றை உண்டோம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போமா?" என்று கேட்டவர்கள் பிள்ளைகளே.

சில சிறு முறைகள்

எமது பட்டறிவிற் கண்டவற்றைச் சுருங்கச் சொல்வோம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும். வயிறு நிறைந்த பின்னரே உள்ளே செல்க. திறக்கும் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுக. கைத்தொலைபேசியால் நூறு படம் எடுத்த பிள்ளை ஒன்றையும் பார்த்திருக்காது. ஒன்றை வரைந்த பிள்ளையோ அதனைப் பத்து நிமிடமாவது பார்த்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பெற்றோர் வெட்கப்படலாகாது. சேர்ந்து தேடுவதே இனிமை. பணமில்லையே என்று வருந்துவோர் கோட்டைக்கும் பாலத்துக்கும் சமாதிக்கும் நடந்தே செல்லலாம்.

வீட்டில் ஒரு தட்டு

இறுதியாக ஒன்று. கொழும்பிலிருந்து வந்த மறுவாரம் பிள்ளைகள் இருவரும் எம் புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டை வெறுமையாக்கித் தருமாறு கேட்டனர். அம்மம்மாவின் மூக்குப்பேணி, அம்மப்பாவின் கைக்கண்ணாடி, நெல் அளந்த பழைய மரைக்கால், சிறகொடிந்த சீமெந்துப் பறவை ஆகியன அங்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர், உடையவர், பயன் என மூன்று வரியில் அட்டை எழுதினர். எழுதுவதற்காக அம்மம்மாவிடம் கேள்வி கேட்டனர். பல ஆண்டுகளாக அவர் எவருக்கும் சொல்லாத கதைகள் அதனால் வெளிவந்தன.

அவற்றில் ஒன்று துருப்பிடித்த பாக்குவெட்டியின் கதை. அம்மம்மாவின் தங்கை நாவலடியிற் கடலோரத்தில் வாழ்ந்தவர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அவர் உயிர் தப்பினார், வீடு தப்பவில்லை. திருமணப் படம், ஏட்டுச்சுவடி, நகைப்பெட்டி எல்லாம் போயின. நாட்கள் சில கழித்து, வீடிருந்த இடத்தின் மணலைக் கிளறியபோது அகப்பட்டது அந்தப் பாக்குவெட்டி ஒன்றே. அம்மம்மா அதனைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நாம் அறிந்திருக்கவில்லை.

புயலாலும் போராலும் கடலாலும் எம் பகுதி இழந்த பொருள்கள் அநேகம். இழந்தவற்றுக்கு நூதனசாலை இல்லை. எஞ்சியவற்றையாவது இன்னதென்று அறிந்து, யாருடையதென்று எழுதி வைக்கும் பிள்ளைகள் வேண்டும். அவர்களை உருவாக்குவதற்கே இப்பயணங்கள். சான்றிதழுக்கோ, பரீட்சைப் புள்ளிக்கோ அன்று.

அந்தப் பாக்குவெட்டியின் அட்டையை இளையவன் எழுதினான். அவனுடைய கோணல் எழுத்தில் உள்ளவாறே தருகின்றோம்: "பாக்குவெட்டி. சின்ன அம்மம்மாவுடையது. வீடு போன பிறகு மணலில் கிடைத்தது. தொடலாம், ஆனால் கவனம்."